கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, விவாகரத்து கேட்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கல்யாணமாகி எட்டு வருடம், ஐந்து வயதில் ஒரு குழந்தை. வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்றரை வருடத்துக்கு முன்பு கிளம்பிப் போன கணவர் திரும்பவில்லை, போன் நம்பர் உபயோகத்தில் இல்லை, மாமியார் வீட்டில் கேட்டால் "எங்களுக்கும் தெரியாதும்மா" என்கிறார்கள். ஏழு வருடம் ஆகாமல் கோர்ட் படியேற முடியாது என்கிறார் ஒருவர். ஏழு வருடம் ஆகிவிட்டால் கல்யாணம் தானாகவே ரத்து என்கிறார் இன்னொருவர். பழைய முகவரி ஒன்றைப் போட்டு ஆறே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார் மூன்றாமவர். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே தப்பு. ஆனால் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஆளே வராமல், அவர் கையெழுத்தே இல்லாமல் கோர்ட் எப்படி விவாகரத்து கொடுக்கும், கொடுத்தாலும் அது நிற்குமா? அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டில் குடும்ப நல நீதிமன்றங்களில் வழக்கு நடத்தி வருபவன். உங்கள் காகிதங்கள் எதையும் பார்க்கவில்லை, அதனால் இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்து முறைப்படி கல்யாணம் என்று எழுதியிருப்பதால் 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அந்த ஏழு வருடக் கதை. விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்லும் 13-ஆவது பிரிவில் இரண்டு தனித்தனி காரணங்கள் இருக்கின்றன, ஊரில் எல்லோரும் அந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கைவிட்டுப் போவது. மனு போடும் நாளுக்கு முன்பு தொடர்ச்சியாக இரண்டு வருடம் கைவிட்டிருந்தால் போதும். இன்னொன்று, ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாகத் தகவல் தெரிந்திருக்குமோ அவர்களுக்கே ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லாமல் இருப்பது. உங்களுக்கு மூன்றரை வருடம் ஆகிவிட்டது, ஆகவே முதல் காரணத்தில் இன்றைக்கே மனு போடலாம். இரண்டாவது காரணத்துக்குத்தான் ஏழு வருடம் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: நாளைக்கு அவருடைய அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி "போன தீபாவளிக்குப் பேசினான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் காரணம் அங்கேயே விழுந்துவிடும்.

தானாகவே ரத்து என்பது வெறும் பேச்சு. எத்தனை வருடம் ஆனாலும் கோர்ட் ரத்து செய்யாமல் இந்து திருமணம் கலையாது. இந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கல்யாணம் குற்றம் என்று சொல்லும் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 494-ல் (2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவு) ஒரு விதிவிலக்கு உண்டு: துணை ஏழு வருடமாகத் தகவலே இல்லாமல் போயிருந்து, அந்த விஷயத்தைப் புதிதாகக் கட்டிக்கொள்பவரிடம் மறைக்காமல் சொல்லியிருந்தால் தண்டனை இல்லை. ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான். முதல் கணவர் உயிரோடு வந்து நின்றால் இரண்டாவது கல்யாணம் சட்டப்படி செல்லாது. அதே மாதிரி, முத்திரைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் "தீர்த்துவிட்டோம்" என்று கையெழுத்துப் போடும் பத்திரங்களும். சில சமூகங்களில் பழங்காலந்தொட்டு அப்படியொரு வழக்கம் இருப்பதை நிரூபித்தால் சட்டம் ஏற்கும். நிரூபிப்பது லேசில்லை, மற்றவர்களுக்கு அது வெறும் காகிதம்.

சரி, இப்போது நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. அவர் விட்டுவிட்டுப் போனாரா, இல்லை காணாமல் போனாரா? ஒன்றுபோலத் தெரியும், சட்டத்தில் இரண்டும் வேறு. கைவிடுதல் என்றால் பிரிந்து இருப்பது மட்டும் போதாது, திரும்ப வரக்கூடாது என்ற எண்ணமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1950-களிலிருந்தே சொல்லி வருகிறது. அந்த எண்ணத்தை எப்படிக் காட்டுவது? நான் கட்சிக்காரர்களிடம் முதலில் கேட்பது பீரோவைப் பற்றித்தான். போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போனார்? ஆதார், பத்தாவது மார்க் ஷீட், நல்ல சட்டை நாலு, பாங்க் பாஸ்புக் எல்லாம் போயிருந்தால் அது ஒரு கதை. கைலியோடும் செருப்போடும் கடைக்குப் போன மனிதர் திரும்பவில்லை என்றால் அது முற்றிலும் வேறு கதை. அங்கே விபத்து இருக்கலாம், மனநோய் இருக்கலாம், அதைப் போய்க் கைவிட்டார் என்று எழுதினால் நீதிபதி நம்பமாட்டார், நம்பக்கூடாதும்தான். உங்கள் விஷயத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், முதல் நாலு மாதம் பேசியிருக்கிறார், அப்புறம் நம்பரை மாற்றியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் கைவிடுதல் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வருடக் கணக்கையும் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து போடாதீர்கள், வேலைக்குப் போனது கைவிட்டது ஆகாது. பேச்சு நின்றதே, அங்கிருந்து போடுங்கள். அப்படிப் போட்டாலும் உங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேலேயே வருகிறது. கைக்குழந்தையோடு ஒரு பைசா அனுப்பாமல் விட்டதை மனரீதியான கொடுமை என்றும் கூடவே ஒரு காரணமாகச் சேர்ப்பது எங்கள் வழக்கம்.

எங்கே போடுவது? மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது குடியிருக்கும் ஊரின் எல்லைக்குட்பட்ட குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம், குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில். 2003-ல் வந்த திருத்தம் இது, அதற்கு முன்பு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண்கள் பழைய ஊருக்கு அலைய வேண்டியிருந்தது. மனைவியைத் தேடும் கணவருக்கு இந்தச் சலுகை இல்லை, கல்யாணம் நடந்த ஊர் அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் என்றுதான் அவர் போக வேண்டும். மனைவி வெளிநாட்டில் இருந்தாலோ ஏழு வருடமாகத் தகவல் இல்லாமல் இருந்தாலோ மட்டும் தன் ஊரில் போடலாம்.

மனுவைக் கோர்ட் ஏற்று அதற்கு வழக்கு நம்பர் ஆனதும்தான் உண்மையான வேலை. இந்த மாதிரி வழக்கில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை, ஆகவே ஜெயிப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் முழுக்க அவருக்குத் தகவல் சொல்ல நீங்கள் நேர்மையாக முயன்றீர்கள் என்று காட்டுவதில் இருக்கிறது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்குக் கோர்ட் நோட்டீஸ் அனுப்பும். அதற்கான கட்டணமாகப் பேட்டா கட்டுவீர்கள், அமீனா என்னும் கோர்ட் ஊழியர் எடுத்துக்கொண்டு போவார், தபாலிலும் ஒன்று போகும். சில வாரத்தில் அந்தத் தபால் உறை திரும்பி வரும்: மூலையில் தபால்காரர் பேனாவால் "இடம்பெயர்ந்துவிட்டார்" என்று கிறுக்கி, தேதி போட்டு, சின்னதாக ஒரு கையெழுத்து. அமீனா தன் அறிக்கையில் "கதவு பூட்டியிருந்தது, அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் மேற்படி நபர் இங்கு இல்லை எனத் தெரிவித்தனர்" என்று எழுதியிருப்பார். அந்த உறையைப் பார்த்ததும் பல பேர் எல்லாம் போச்சு என்று அழுதுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் உங்கள் வழக்கில் முக்கியமான காகிதங்களில் ஒன்று, பத்திரமாகக் கோர்ட் கட்டிலேயே, அதாவது வழக்குக் கோப்பிலேயே இருக்கட்டும்.

ஒரு தடவை திரும்பியதும் பத்திரிகை விளம்பரத்துக்கு ஓடக்கூடாது. அவருடைய பெற்றோர் வீடு, கடைசியாக வேலை பார்த்த இடம், தெரிந்த வேறு முகவரி எதுவாக இருந்தாலும் அங்கேயும் அனுப்பச் சொல்லுங்கள். பழைய மின்னஞ்சல், வாட்ஸ்அப் நம்பர் இருந்தால் அதையும் கோர்ட்டிடம் சொல்லி அனுமதி வாங்கி அனுப்பலாம். சில நீதிபதிகள் அதை ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை, எப்படியானாலும் முயன்றதற்கு அது ஒரு சாட்சி. இதற்கெல்லாம் பிறகுதான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆவது கட்டளை, 20-ஆவது விதியில் ஒரு தனி மனு போடுவோம். மாற்று வழியில் அறிவிப்பு கொடுக்க அனுமதி கேட்பது அது. அனுமதி கிடைத்தால் நோட்டீஸின் நகலை நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கடைசியாக இருந்த வீட்டிலும் ஒட்டுவார்கள், அல்லது தினசரிப் பத்திரிகையில் விளம்பரம் வரும். எந்தப் பத்திரிகை என்பது உங்கள் இஷ்டம் இல்லை. அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்கும் தினசரியாக இருக்க வேண்டும். அவர் கடைசியாக இருந்தது கோயம்புத்தூர் என்றால் திருநெல்வேலிப் பதிப்பில் போட்டுப் பிரயோஜனமில்லை. விளம்பரச் செலவு உங்களுடையது. பேப்பரை முழுசாக எடுத்து வையுங்கள், விளம்பரத்தை மட்டும் கத்தரித்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள், தேதியும் பதிப்பும் தெரிய வேண்டும்.

அந்தத் தனி மனுவோடு ஒரு பிரமாண வாக்குமூலம் தர வேண்டும், எங்கெல்லாம் தேடினீர்கள் என்று. இதற்கு இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு வரி. மாமியார் வீட்டுக்குப் போனது, அவர் நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், போலீசில் புகார் கொடுத்திருந்தால் அதற்குத் தந்த சி.எஸ்.ஆர். ரசீது, எல்லாம் சேரும். புகார் கொடுக்கவில்லையா? கைவிடுதல் வழக்குக்கு அது கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் நீதிபதி கேட்பார்: "புருஷனைக் காணோம்னா போலீசுக்கு ஏம்மா போகலை?" அந்தக் கேள்விக்கு உங்களிடம் ஒரு உண்மையான பதில் இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஆறு மாதக்காரர். பழைய வாடகை வீட்டு முகவரியை, அங்கே அவர் இல்லை என்று தெரிந்தே போடுவது, இருக்கும் இடம் ஓரளவு தெரிந்தும் தெரியாது என்று எழுதுவது, யாரும் பார்க்காத பேப்பரில் விளம்பரம் போடுவது, இதைத்தான் அவர் செய்யப்போகிறார். தீர்ப்பும் கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. சில வருடம் முன்பு என்னிடம் ஒருவர் வந்தார். மனைவியின் அண்ணன் வீட்டு முகவரி தெரிந்திருந்தும் காலி செய்த வீட்டைக் காட்டித் தீர்ப்பு வாங்கிக் கொடுத்திருந்தார்கள், அவரும் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு ஒரு குழந்தையும் ஆகிவிட்டது. நாலாவது வருடம் முதல் மனைவி வந்து, எனக்கு எதுவுமே தெரியாது என்று மனு போட்டார். தீர்ப்பு ரத்தானது. இரண்டாவது மனைவி கோர்ட் வராந்தாவில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

இந்த இடத்தில் வக்கீல்களிலேயே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்பு வராமலே கொடுத்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி எதிர்மனுதாரர் 30 நாளுக்குள் மனு போட வேண்டும், தீர்ப்பு நாளிலிருந்து. ஆனால் நோட்டீஸ் முறைப்படி சேரவில்லை என்றால் அந்த 30 நாள் அவருக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். காலவரையறைச் சட்டத்தின் 123-ஆவது இனத்தில் ஒரு விளக்கம் போட்டிருக்கிறார்கள்: விளம்பரம் மூலமாகச் செய்த அறிவிப்பை, இந்தக் காலக் கணக்குக்கு மட்டும், முறைப்படி சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதாவது வழக்கை நடத்துவதற்கு விளம்பரம் போதும். அவர் பின்னால் வந்து நிற்கும் கதவை அது பூட்டாது. வந்து நின்றால் உடனே தீர்ப்பு ரத்தாகிவிடும் என்றும் அர்த்தமில்லை. நீங்கள் எல்லா இடத்திலும் தேடியது கோர்ட் கட்டில் இருந்தால், வழக்கு நடப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால், நோட்டீஸில் சின்னச் சின்னக் குறை இருந்தது என்பதற்காக மட்டும் ரத்து செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதனால் நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது: தீர்ப்பு வந்ததும் அதன் நகலை அவருடைய பெற்றோர் வீட்டுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், பழைய மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள், ரசீதுகளை வையுங்கள். இதனால் அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததாகக் கோர்ட் நிச்சயம் ஏற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன், ஆனால் ஒளித்து வைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

விசாரணை நாள் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. டவாலி அவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார், யாரும் வரமாட்டார்கள், அவரை எக்ஸ்பார்ட்டி, அதாவது வராத தரப்பு என்று பதிவு செய்வார்கள். அப்புறம் உங்கள் பிரமாண வாக்குமூலம், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திரும்பி வந்த உறைகள் எல்லாம் சான்றாவணங்களாகக் குறிக்கப்படும். ஆள் வரவில்லை என்பதற்காக நீதிபதி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது, எதிர்த்தாலும் எதிர்க்காவிட்டாலும் காரணம் நிரூபணமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 23-ஆவது பிரிவு சொல்கிறது. உங்களோடு இன்னொரு சாட்சியும் வருவது நல்லது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் "மூணு வருஷமா அந்தத் தம்பியைப் பார்க்கவே இல்லைங்க" என்று சொல்வது பத்து காகிதத்துக்குச் சமம். எவ்வளவு நாள் ஆகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், ஒரு வருடத்துக்குள் முடிந்ததையும் பார்த்திருக்கிறேன், மூன்று வருடம் வாய்தா வாங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்த மறுநாளே மறுமணம் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். அந்தக் காலம் எவ்வளவு என்பதில் இரண்டு சட்டம் இரண்டு விதமாகப் பேசுகிறது, குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. 90 நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மேல்முறையீடோ ரத்து மனுவோ இல்லை என்று வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குழந்தை உங்களோடு இருப்பதற்கான உத்தரவையும், உங்கள் நகைகள் மாமியார் வீட்டில் இருந்தால் அதையும் இதே வழக்கில் கேளுங்கள், பிறகு தனியாக அலைய வேண்டாம். தகப்பன் கையெழுத்து இல்லாமல் குழந்தைக்கு எதுவுமே செய்ய முடியாது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். தகப்பனுக்குப் "பிறகு" தாய் என்று சட்டத்தில் இருப்பதைத் தகப்பன் இல்லாத நிலையில் தாய் என்றே படிக்க வேண்டும், அவர் பொறுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் தாயே இயற்கைக் காப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஜீவனாம்சமும் கேட்கலாம், ஆனால் ஆள் எங்கே என்றே தெரியாதபோது உத்தரவு கையில் இருக்கும், பணம் வராது. அவர் பெயரில் சொத்து இருந்தால் மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு.

சொத்து என்றதும் ஒரு எச்சரிக்கை. இது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், படிக்கும் மற்றவர்களுக்காக. உண்மையிலேயே காணாமல் போய் ஏழு வருடம் ஆன ஒருவர் அரசு ஊழியராகவோ பெரிய இன்சூரன்ஸ் எடுத்தவராகவோ இருந்தால் அவசரப்பட்டு விவாகரத்து கேட்காதீர்கள். விவாகரத்து வாங்கியவர் விதவை ஆகமாட்டார், வாரிசு உரிமையும் குடும்ப ஓய்வூதியமும் போய்விடும். அங்கே சரியான வழி, இறந்ததாகக் கருத வேண்டும் என்று உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு போடுவது. அதுவும் இறந்துவிட்டார் என்பதற்குத்தான் உதவும், என்றைக்கு இறந்தார் என்பதை அந்த அனுமானம் சொல்லாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, இன்சூரன்ஸ் விஷயத்தில் இது பெரிய தலைவலி. குடும்ப ஓய்வூதியத்துக்கு மத்திய அரசு விதிகளில் ஏழு வருடம் காத்திருக்காமலே பெற வழி உண்டு, ஆனால் அதற்கு போலீஸ் புகார் இருந்தாக வேண்டும்.

மற்ற மதத்தினர் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் இதே இரண்டு வருடம், ஏழு வருடக் கணக்குதான். முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் வருடச் சட்டப்படி கணவர் எங்கே என்று நாலு வருடம் தெரியாமல் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே அமலுக்கு வரும், அதற்குள் அவர் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்று கோர்ட்டைத் திருப்திப்படுத்தினால் ரத்தாகிவிடும்.

பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண் என்பதே இலவச சட்ட உதவிக்குப் போதும், வருமானச் சான்றிதழ் வேண்டாம், 1987-ஆம் வருடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், இல்லாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக, "நடுவில் அவர் வந்துவிட்டால்?" என்று கேட்டிருந்தீர்கள். வருவது உண்டு. பத்திரிகை விளம்பரத்தை யாரோ படித்துச் சொல்லி, அடுத்த வாய்தாவில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து நின்ற மனிதர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்போது எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கி, இருவரையும் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அவருக்கும் பிரிவதில் சம்மதம் என்றால் இதையே பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-லிருந்து வழி இருக்கிறது. அப்படி அவர் வந்தால் அன்றைக்கே உங்கள் வக்கீலிடம் சொல்லி, அவருடைய இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் கோர்ட் கட்டில் எழுத வைத்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் மறுபடியும் காணாமல் போன வழக்கு ஒன்று என்னிடம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.